உப்புக்காற்றில் ஆர்டுயினோ கிட்: பெண்பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?

இணையத்தில் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும் ‘யூனோ ஸ்டார்ட்டர் கிட்’ பெட்டிகளைப் பற்றிய மதிப்புரை இது. ஆர்டுயினோ என்பது, கணினியில் எழுதிய புரோகிராமை ஏற்றி விளக்கு, மோட்டார், சென்சார்களை இயக்கும் சின்ன மின்னணுப் போர்டு; யூனோ அதில் ஒரு வகை. பிராண்டு பெயர் பெரிய விஷயமில்லை. மேலட்டையின் நிறம் மாறும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம், தொண்டி என்று கடலோர ஊர்களில் எட்டாவது முதல் பிளஸ் ஒன் வரை படிக்கும் பெண்பிள்ளைகளுக்கோ அவர்கள் பள்ளிக்கோ, “இன்ஜினியரிங்கில் ஆர்வம் வரட்டும்” என்று இதை வாங்கித் தர நினைப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

வாங்கலாம். ஆனால் கூடுதலாக 800 ரூபாய் ஒதுக்க வேண்டும், உடன் வரும் கையேட்டை மூடி ஓரமாக வைக்க வேண்டும், எந்தக் கருவி யார் கையில் இருக்கும் என்பதை முதல் நாளே பேசி வைக்க வேண்டும். இந்த மூன்றும் நடக்காவிட்டால் மூன்று மாதத்தில் பெட்டி பீரோவுக்குள் போய்விடும்.

உள்ளே என்ன இருக்கிறது

யூனோ போர்டு ஒன்று, யூஎஸ்பி கேபிள், 830 துளை பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் ஒயர்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பலகை), ஜம்பர் ஒயர்கள், எல்இடிகள், 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், பஸ்ஸர், 16க்கு 2 எல்சிடி திரை, எஸ்ஜி90 சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்), ஒலியை வைத்துத் தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், டிஎச்டி11 வெப்ப-ஈரப்பத சென்சார், சிவப்பு நிறச் சீப்பு போன்ற நீர்மட்ட சென்சார், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), 9 வோல்ட் பேட்டரி கிளிப்.

போர்டில் முதலில் பார்க்க வேண்டியது சிப். 28 கால்களோடு நீளமாகச் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால் நல்லது. தவறான இணைப்பில் எரிந்தால் பூட்லோடர் (கணினியிலிருந்து புரோகிராமை வாங்கிக்கொள்ளும் அடிப்படை மென்பொருள்) ஏற்றிய புது சிப்பை மட்டும் வாங்கி மாற்றலாம். சின்னச் சதுரமாகப் போர்டிலேயே ஒட்டியிருந்தால் போர்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். கற்கும் கைகள் எரிக்கத்தான் செய்யும். எரித்தால் திட்டு விழும் என்று பயப்படும் பிள்ளை ஒயரைத் தொடவே தொடாது. அதனால்தான் இதை முதல் விஷயமாகச் சொல்கிறோம்.

9 வோல்ட் பேட்டரி கிளிப் ஒரு ஏமாற்று வேலை. வெறும் போர்டே சுமார் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும்; சர்வோவையும் சேர்த்தால் அந்தச் சின்ன பேட்டரி தாங்காது. பழைய செல்போன் சார்ஜரோ பவர் பேங்கோ போதும்.

கூடுதலாக வாங்க வேண்டியவை: ஒரு சாதாரண மல்டிமீட்டர் (மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை அளக்கும் கருவி), 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயமும் ஃபிளக்ஸும், இறுக்கமாக மூடும் ஒரு டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். மல்டிமீட்டர் இல்லாத கிட், தராசு இல்லாத கடை மாதிரி.

முதல் நாள் எங்கே மாட்டும்

விலை குறைந்த யூனோக்களில் யூஎஸ்பி வேலையைச் செய்வது சிஎச்340 என்ற சிப். விண்டோஸில் அதற்கான டிரைவர் போடாவிட்டால், போர்டு எந்த யூஎஸ்பி வாயிலில் இருக்கிறது என்று காட்டும் ‘போர்ட்’ பட்டியலில் எதுவுமே வராது. லினக்ஸில் போர்ட் தெரியும், ஆனால் அனுமதி இல்லை என்று சொல்லும். பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிட்டு மறுபடி உள்நுழைந்தால் சரியாகிவிடும். வீட்டில் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இருந்தால் அதுவே போதும். அதில் ஆர்டுயினோ மென்பொருளின் 1.8 பதிப்பைப் போடுங்கள்; 2-ஆம் பதிப்பு பழைய கணினியை மூச்சுத் திணற வைக்கும். கணினியே இல்லையா, போனில் யூஎஸ்பி கருவிகளை மாட்ட உதவும் ஓடிஜி கேபிளும் ‘ஆர்டுயினோ டிராய்டு’ செயலியும் இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலிருந்தே புரோகிராம் ஏற்றலாம். முதல் முறை நிறைய டேட்டா இழுக்கும் என்பதால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்இடி எரியவில்லை என்றால் பாதி நேரம் காரணம் பிரெட்போர்டுதான். பல 830 துளைப் பலகைகளில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் துண்டாகியிருக்கும். மேல் பாதியில் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கீழ்ப் பாதியில் எல்இடியைச் செருகினால் எப்படி எரியும்? கோட்டில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஜம்பரால் இணையுங்கள். எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்குச் சுமார் 14 மில்லி ஆம்பியர் போகும். போர்டின் ஒரு பின்னுக்கு (ஒயர் மாட்டும் முனைக்கு) 20 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 40 தாண்டினால் அந்தப் பின் போய்விடும்.

எல்சிடியில் விளக்கு மட்டும் எரிகிறது, எழுத்து வரவில்லை என்றால் பின்னால் உள்ள நீலப் பெட்டித் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். அப்படியும் வராவிட்டால் புரோகிராமில் எல்சிடியின் முகவரி எண்ணை மாற்ற வேண்டும்: 27 இல்லையென்றால் 3எஃப்.

உப்பு

கையேடு எழுதியவர்கள் கடலைப் பார்த்ததில்லை போலும். சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும். அதாவது பாம்பனில் ஜன்னலோரம் திறந்து வைத்த போர்டின் மேல் படியும் உப்புத்தூசி நடுப்பகலிலும் முழுக்கக் காயாது. மின்சாரம் ஓடும் இரண்டு கால்களுக்கு நடுவே அந்த ஈரம் பாலம் போட்டால் செம்பு பச்சையாகும், ஜம்பர் ஒயரின் முனை கறுக்கும், பிரெட்போர்டின் உள்கிளிப் தளரும். நேற்று வேலை செய்த சுற்று இன்று செய்யாததற்குப் புரோகிராமைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவுக்குள் போட்டு மூடுங்கள். நிறம் மாறும் ஜெல்லாக இருந்தால், மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மாதம் ஒருமுறை முனைகளைத் தேய்த்தால் போதும். நிரந்தரமாக வெளியே வைக்கும் சுற்று என்றால் பிரெட்போர்டு வேண்டாம்; சால்டர் செய்து, இணைப்புகளின் மேல் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு கோட் அடியுங்கள். சென்சாரின் வாய்த்துளையில் மட்டும் படக்கூடாது.

சிவப்புச் சீப்பு நீர்மட்ட சென்சார் உப்புத்தண்ணீரில் சில நாளிலேயே செத்துவிடும். மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் ஓடுவதால் ஒரு பக்கச் செம்பு கரைந்து போகிறது. இதைக் கிட்டின் குறையாக எழுதத்தான் நினைத்தோம். ஆனால் பெட்டியிலேயே சிறந்த பாடம் இதுதான். கரைந்த சீப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, எந்தக் கால் கரைந்தது, பிளஸ்ஸா மைனஸா என்று கேளுங்கள். இதே கேள்விக்கு விடை தேடுவதைத் தொழிலாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் ‘சிக்ரி’ என்று சொல்வது, காரைக்குடியில் இருக்கிறது. அங்கே பி.டெக் படிப்பும் உண்டு. வீட்டு மாடியின் கம்பி துருவேறி சிமெண்ட் பெயர்ந்து விழுவதை அன்றாடம் பார்க்கும் பெண்ணுக்கு, அரிமானம் என்பது ஒரு படிப்பு, ஒரு வேலை என்று தெரிவது பெரிய விஷயம்.

மற்ற சென்சார்கள், சுருக்கமாக

டிஎச்டி11 ஐம்பது டிகிரி வரைதான் அளக்கும். ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் போனால் அது காட்டுவதை நம்ப வேண்டாம். கருவாடோ பாசியோ காயவைக்கும் சோலார் உலர்த்திக்குள் வைக்க ஆசைப்பட்டால் டிஎச்டி22 வாங்குங்கள். 80 டிகிரி வரை தாங்கும். மூன்று கால்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எழுத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்து மாட்டினால் சூடாகி எரிந்துவிடும்.

அல்ட்ராசோனிக் சென்சாரில் உள்ள தவறு யார் கண்ணிலும் படாது. கையேட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று போட்டிருக்கும். 32 டிகிரி வெயிலில் அது சுமார் 351. இரண்டு மீட்டர் தூரத்தை 194 சென்டிமீட்டர் என்று காட்டும். டேப்பால் அளந்து இந்த ஆறு சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். டிஎச்டி11 தரும் வெப்பநிலையை வைத்துத் திருத்தவும் அவர்களே எழுதட்டும். பத்தாம் வகுப்பு இயற்பியல் பாடம் அதற்குப் போதும்.

கையேட்டுக்குப் பதிலாக: பாலம்

கையேட்டின் பயிற்சிகள் போக்குவரத்து விளக்கு, தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி, கார் பார்க்கிங். பாம்பன்காரருக்கு இதில் எது வேண்டும்? 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் போகும்போது இரண்டாகப் பிளந்து எழுந்தது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தட்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். இரண்டையும் கண்ணால் பார்த்த ஊரில் பிள்ளைகள் செய்ய வேண்டிய மாதிரி இதுதான்.

இரண்டு கோபுரம், இரண்டு எஸ்ஜி90 சர்வோ (ஒன்று கூடுதலாக வாங்க வேண்டும்). சர்வோ 180 டிகிரிதான் சுற்றும். அதன் மேல் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டில் மூடியை ஒட்டி நூல் சுற்றினால் தட்டு சுமார் 6.3 சென்டிமீட்டர் எழும். இன்னும் உயரம் வேண்டுமானால் பெரிய மூடி. ஆனால் மூடி பெரிதானால் இழுவிசை குறையும். சர்வோக்கள் எதிரெதிரே பார்ப்பதால் ஒன்று 0-இலிருந்து 180-க்கும் மற்றது 180-இலிருந்து 0-க்கும் போக வேண்டும். இதை மறந்தால் தட்டு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிச் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். ஒரே தாவலாக விடாமல் ஒவ்வொரு டிகிரியாக, 15 மில்லி நொடி இடைவெளியில் நகர்த்துங்கள்.

தட்டின் மேல் மணல் பொட்டலம் வைத்து மொத்தம் 400 கிராம் ஆக்கி, எதிரெடை இல்லாமல் முதலில் தூக்கிப் பாருங்கள். சர்வோ முனகும். பிறகு கோபுரத்துக்கு 180 கிராம் வீதம் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை நூலின் மறுமுனையில் கட்டித் தூக்குங்கள். இரண்டு முறையும் மல்டிமீட்டரைத் தொடராக மாட்டி மின்னோட்டத்தை அளந்து எழுதுங்கள். புதிய பாலத்தின் கோபுரங்களிலும் இப்படித்தான் எதிரெடை இருக்கிறது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தூக்கும்போது போர்டு அணைந்து அணைந்து எரிந்தால் சர்வோ மின்சாரத்தையெல்லாம் இழுத்துவிட்டது என்று அர்த்தம். சர்வோக்களுக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து, இரண்டு சுற்றின் கிரவுண்டையும் (மைனஸ் முனையையும்) இணையுங்கள். கிரவுண்டை இணைக்க மறப்பதுதான் அடுத்த தவறு. அப்போது சர்வோ பேய் பிடித்தது போல ஆடும்.

கிணற்றுத் தண்ணீர்

எங்கள் பரிந்துரையில் முதலிடம் இதற்கே. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. அடர்த்தி வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். எந்த ஊற்று எந்த மாதத்தில் உவர்க்கும் என்று குடம் சுமக்கிற பெண்களுக்கு நாக்கில் தெரியும். அதை எண்ணாக்குவது கிட்டின் வேலை.

இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளை ஒரு பிளாஸ்டிக் மூடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்துங்கள். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக இணைத்து, நடுப்புள்ளியை, மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாகப் படிக்கும் ஏ0 பின்னில் கொடுங்கள். சுற்றின் இரு முனைகளையும் 5 வோல்ட்டிலும் கிரவுண்டிலும் கட்டக்கூடாது. இரண்டு டிஜிட்டல் பின்களில் கட்டி, ஒவ்வொரு அளவுக்கும் திசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு முடிந்ததும் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சிவப்புச் சீப்புக்கு நேர்ந்தது திருகுக்கும் நேரும். திசை மாறும்போது வரும் எண்ணை 1023-இலிருந்து கழித்துக்கொண்டு சராசரி எடுங்கள்.

அளவுதிருத்தத்துக்கு (எந்த எண் எவ்வளவு உப்பைக் குறிக்கிறது என்று பொருத்திப் பார்க்க), கேன் தண்ணீர் ஒரு லிட்டருக்குக் குறைவாக எடுத்து அதில் 10 கிராம் பாக்கெட் தூள் உப்பைக் கரைத்து, சரியாக ஒரு லிட்டர் ஆக்குங்கள். அதிலிருந்து 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 1 கிராம். வாலிநோக்கத்துக் கல் உப்பு சமையலுக்கு அருமை, இதற்கு ஆகாது. அதில் ஈரம் இருப்பதால் 10 கிராம் நிறுத்தாலும் உப்பு 10 கிராம் இருக்காது. லிட்டருக்கு 0.5, 1, 2, 5 கிராம் என்று நான்கு கரைசல் செய்து எண்களைக் குறித்து வரைபடம் போடுங்கள். நேர்கோடு வராது, வளையும்; அது தவறல்ல. கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்பதால் எண் அடியில் ஒட்டிக்கொள்ளும். அதை அளக்க 220 ஓம் ரெசிஸ்டருக்கு மாற்றுங்கள். எல்லா மாதிரியையும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் அளக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் வரை மாறும்.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்தக் கருவி உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. குறைந்த எண் வந்த கிணற்றைக் குடிக்கலாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வாரம் ஒரு நாள், ஐந்து கிணறு, ஒரு நோட்டு. மாசியில் தொடங்கி ஆவணி வரை எழுதினால் தெருவே வந்து கேட்கும். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஒயரு வேலை” என்ற பேச்சு அடங்க, எந்தப் பரிசளிப்பு விழாவையும்விட இந்த நோட்டு உதவும்.

யார் கையில்

நான்கு பேருக்கு ஒரு கிட் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதை. பையன்கள் ஒயரையும் சால்டரிங்கையும் எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நோட்டு பெண்பிள்ளைக்குப் போகும். இரண்டு பேருக்கு ஒரு கிட், 20 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாற்றம், சால்டரிங் முதலில் பெண்பிள்ளைக்கு. உதவ வரும் ஆசிரியரோ அண்ணனோ வாயால் சொல்லலாம், கையை நீட்டக் கூடாது. துப்பட்டாவைப் பின்குத்தி, பின்னலை முதுகுப்பக்கம் போட்டு, உலோக வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார வேண்டும். வளையல் 5 வோல்ட்டில் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் செய்யும். ரிலேயை வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் பயிற்சியைப் பள்ளி வயதில் முழுதாக விட்டுவிடுங்கள்.

கிட் ஆய்வகத்தில் பூட்டிக் கிடக்கக் கூடாது. நூலகப் புத்தகம் போலப் பதிவேட்டில் எழுதி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புங்கள். சாயங்கால வகுப்பு வைத்தால் கடைசி பஸ்ஸும் தண்ணீர் பிடிக்கும் நேரமும் பெண்பிள்ளைகளைத்தான் முதலில் வெளியே இழுக்கும்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘புகழ்பெற்ற பொறியாளர்கள்’ என்று ஆறு படம், ஆறும் ஆண்கள். அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள இரண்டு பெயர்: 1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா, செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து, சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 திட்டத்துக்கு இயக்குநரான நிகர் ஷாஜி.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய இன்னொரு தாள், எந்த குரூப் எடுப்பது என்பது. பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல் இல்லாமல் பொறியியல் கலந்தாய்வில் பெரும்பாலான கதவுகள் மூடிவிடும். கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் தலா 50. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 50,000. பத்தாவதோடு பாலிடெக்னிக் போனாலும் டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர வழியிருக்கிறது. ராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது; காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி. வெளியூர் அனுப்பத் தயங்கும் வீட்டில் இந்த இரண்டு பெயரையும் முதலில் சொல்லுங்கள்.

ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் மூன்று கேள்வி: சிப் சாக்கெட்டில் இருக்கிறதா, எல்சிடியின் பின்னால் ஐ2சி அட்டை (இரண்டே பின்களில் எல்சிடிக்குத் தகவல் அனுப்ப உதவும் சின்னப் பலகை) ஒட்டியிருக்கிறதா, சர்வோ தனியாக ஒன்று கிடைக்குமா. ஐ2சி இல்லாத எல்சிடி வந்தால் ஆறு பின்னை அதுவே விழுங்கிவிடும், பாலத்துக்கும் கிணற்றுக்கும் மிச்சம் இருப்பதை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.